புளோக்குக்குப் பின்னால் உள்ள திடலில் புதிய வீடுகள்: குடியிருப்பாளர்களின் குரலுக்கு எந்தக் கட்டத்தில் இடம் இருக்கிறது?

திடலோரம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் வடபகுதியில், எண்பதுகளில் கட்டப்பட்ட வீடமைப்புப் பேட்டை ஒன்றில் நான் குடும்பத்துடன் வசிக்கிறேன். எங்கள் புளோக்குக்குப் பின்னால் காற்பந்துத் திடல் அளவுக்கு ஒரு புல்வெளி இருக்கிறது. அதன் ஓரங்களில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. காலையில் சீன முதியவர்கள் தைச்சி பழகுவதும், மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவதும் அங்கேதான். அண்மையில் அந்தத் திடலின் ஒரு மூலையில் தடுப்பு போட்டு, மண்ணில் ஆழமாகத் துளையிட்டு மாதிரி எடுக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பலகையில் மண் ஆய்வுப் பணி என்றும் குத்தகையாளரின் தொலைபேசி எண்ணும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன.

அதன் பிறகு கீழ்த்தளத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மூன்று புளோக் வருகிறது என்கிறார் ஒருவர், தாதிமை இல்லம் என்கிறார் இன்னொருவர், அனைத்துலகப் பள்ளி என்று அடித்துச் சொல்கிறார் காப்பிக்கடைக்காரர். விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கருத்தைக் கவனத்தில் கொண்டோம், நன்றி என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் திடல் என்ற சொல்கூட இல்லை.

வீடுகள் வரவே கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. ஆனால் அருகில் வாழ்பவர்களிடம் எந்தக் கட்டத்தில் கருத்துக் கேட்கப்படுகிறது, முடிவு எடுப்பவர் யார், கையெழுத்து திரட்டினால் பயன் உண்டா, அல்லது இயந்திரம் வந்துவிட்ட பிறகு பேசுவது வீண்தானா என்பவை எனக்கு விளங்கவில்லை. இத்தகைய நிலையைக் கடந்து வந்தவர்கள், நடைமுறை தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

வரைபடப் பிரியன் பதில்:

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஓர் இடத்தில் வீடு வரலாமா என்ற முடிவு, துளையிடும் இயந்திரம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிடுகிறது. 2021 தொடக்கத்தில் கிளமெண்டி காட்டைக் காக்க வேண்டும் என்று பலர் குரல் கொடுத்தபோது, அந்நிலம் 1998ஆம் ஆண்டிலிருந்தே வசிப்பிடப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உலு பாண்டானில் உள்ள டோவர் காடு 2003 முதல் அவ்வாறே ஒதுக்கப்பட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது காடு. திட்ட வரைபடத்திலோ அது எதிர்கால வீட்டுமனை. இந்த இடைவெளிதான் நம் ஊரில் இத்தகைய மனத்தாங்கல்கள் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

ஆகவே முதல் வேலையாக, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்து உங்கள் திடலின் மேல் சொடுக்கிப் பாருங்கள். கட்டணம் கிடையாது, பதிவு செய்யவும் தேவையில்லை. வசிப்பிடம், பூங்கா, திறந்தவெளி, கல்வி நிலையம், வழிபாட்டிடம் என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு வகை குறிக்கப்பட்டிருக்கும். இள மஞ்சளாக இருந்தால் அது ஒதுக்கிருப்பு நிலம். அதன் பயன்பாடு இன்னும் முடிவு செய்யப்படவில்லை என்று பொருள். வசிப்பிடம் என்று குறித்து 2.8 என்ற எண் இருந்தால், மனையின் பரப்பைப்போல 2.8 மடங்கு மொத்தத் தளப்பரப்பு அங்கே எழும்பலாம். 10,000 சதுர மீட்டர் மனையில் 28,000 சதுர மீட்டர். காப்பிக்கடையில் நிலவும் ஊகங்களில் முக்கால்வாசி இந்த ஒரு பார்வையிலேயே அடங்கிவிடும்.

இனி சட்டப்படி உங்களுக்கு உள்ள இடம். பெருந்திட்டம் என்பது திட்டமிடல் சட்டத்தின் கீழ் வரும் அதிகாரபூர்வ ஆவணம். அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டை வகுக்கும் அதனை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறார்கள். வரைவு வெளியாகும்போது அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், எவரும் எழுத்து வடிவில் ஆட்சேபமோ ஆலோசனையோ தெரிவிக்கலாம். அண்மைய வரைவுப் பெருந்திட்டம் 2025 ஜூன் 25ஆம் தேதி வெளியிடப்பட்டு, மேக்ஸ்வெல் ரோட்டில் உள்ள ஆணையத்தின் நிலையத்தில் மாதக்கணக்கில் கண்காட்சியாக வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கண்காட்சிக்கு நம் பேட்டையிலிருந்து எத்தனை பேர் போயிருப்போம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு மறுஆய்வுகளுக்கு இடையில் ஒரு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற விரும்பினாலும், அம்மாற்றத்தை அறிவித்து ஆட்சேபங்களைப் பெற வேண்டும். பொதுவாக இரண்டு வார அவகாசம் தருவார்கள். உங்கள் திடல் பூங்காவாகவோ திறந்தவெளியாகவோ குறிக்கப்பட்டிருந்தால், வீடு கட்டுவதற்கு முன் இந்தப் படியைத் தாண்டியாக வேண்டும், அங்கே உங்கள் கடிதத்துக்குச் சட்டப்படி இடம் உண்டு. ஏற்கெனவே வசிப்பிடமாகக் குறிக்கப்பட்டிருந்தால் அப்படி ஓர் அறிவிப்பே வராது.

வேறு சில நாடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் மறுப்புத் தெரிவித்தால் கட்டட விண்ணப்பம் நகர மன்றத்தின் வாக்கெடுப்புக்குப் போகும் என்று படித்திருப்பீர்கள். இங்கே நகர மன்றம் பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கும் அமைப்பு. நிலப் பயன்பாட்டில் அதற்கு அதிகாரம் இல்லை. திட்ட அனுமதி மறுக்கப்பட்டால் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையும் விண்ணப்பதாரருக்குத்தான் உண்டே தவிர, அனுமதி கொடுத்ததை எதிர்க்கும் அண்டை வீட்டாருக்கு இல்லை. 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில்கூட, நிலத்தின் உரிமையாளர் இழப்பீட்டுத் தொகையை எதிர்த்து முறையிடலாம்; நிலம் பொதுத் தேவைக்குத்தானா என்ற கேள்வியை எழுப்ப அங்கே வழியில்லை. ஆகவே தடுத்து நிறுத்தும் அதிகாரம் நம்மிடம் இருப்பதாக எண்ணித் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முடிவு உறையும் முன் தகவலையும் காரணத்தையும் உரியவரிடம் சேர்க்கும் வாய்ப்பே நமக்கு இருப்பது, அதைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம்.

---

மரநிழல் பதில்:

வரைபடப் பிரியன் சொன்னவை சரியானவையே. ஆனாலும் வரைபடத்தில் குறித்தது கல்லில் எழுதியது அன்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2001ஆம் ஆண்டில் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா கரையில், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புப் பணி தொடங்கவிருந்தது. தாழ்நீர் நேரங்களில் ஆர்வலர்கள் கரையோரம் நடந்து உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், பொதுமக்களை அழைத்துச் சென்று காட்டினார்கள், பதிவுகளைத் தொகுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். அரசாங்கம் பணியை ஒத்திவைத்தது. வளர்ச்சிக்கு அந்நிலம் தேவைப்படாத வரை என்ற நிபந்தனையுடன் அந்த ஒத்திவைப்பு இன்றும் நிற்கிறது.

வீடமைப்புக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டோவர் காடு. ஏறத்தாழ 33 ஹெக்டர் நிலம் அது. அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அங்குள்ள பறவைகளையும் மரங்களையும் பட்டியலிட்டு, இயற்கைப் பூங்காவாக்கலாம் என்ற மாற்று யோசனையையும் சேர்த்துக் கொடுத்தது. அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். கருத்துத் தெரிவிக்கும் கால அவகாசமும் நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலை இறுதியில் வெளியான முடிவின்படி, உயிரினங்கள் செறிவாக உள்ள மேற்குப் பாதியில் 5 ஹெக்டர் இயற்கைப் பூங்கா அமையும், அப்பாதியின் எஞ்சிய நிலம் சுமார் பத்தாண்டுகளுக்குத் தொடப்படாது, கிழக்குப் பாதியில் வீடுகள் வரும். கேட்டவர்களுக்கு முழுக்காடும் கிடைக்கவில்லை, வீடுகளுக்கு முழுநிலமும் கிடைக்கவில்லை.

டக்கோட்டா கிரசென்ட் இன்னொரு வகை. 1958இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி கட்டிய பழைய புளோக்குகள் அவை. குடியிருந்தவர்கள் 2016 முடிவதற்குள் வெளியேற வேண்டியிருந்தது. கட்டடக்கலை அறிந்தவர்களும் முன்னாள் குடியிருப்பாளர்களும் சேர்ந்து, எந்தக் கட்டடங்களை வைத்துக்கொண்டு எங்கே புதிதாகக் கட்டலாம் என்று ஓர் ஆய்வறிக்கையே தயாரித்தார்கள். 17 புளோக்குகளில் நடுவில் உள்ள ஆறு புளோக்குகள் நிலைநிறுத்தப்படும் என்று 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. புறாச் சறுக்கு விளையாட்டுத் திடலும் அவற்றின் நடுவே தப்பியது.

இந்த மூன்றிலும் மனுவில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கையைவிட, அதிகாரிகளின் மேசையில் இல்லாத தகவலை மக்கள் கொண்டுவந்து வைத்ததே திருப்பத்தை உண்டாக்கியது என்பது என் கருத்து. நேரம் கிடைத்ததும் முக்கியம். செக் ஜாவாவில் மண் கொட்டத் தொடங்கியிருந்தால் எந்தப் பட்டியலும் உதவியிருக்காது.

ஃபெர்ன்வேலில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது ஆவணங்களைப் படிப்பது பற்றியது. வழிபாட்டிடத்துக்கென ஒதுக்கிய மனை ஒன்றை, வாணிப நோக்கில் அஸ்திமாடம் (இறந்தவர்களின் அஸ்திக் கலசங்களை வைக்கும் இடம்) நடத்தவிருந்த நிறுவனம் குத்தகையில் பெற்றிருந்தது. புதிய வீடு வாங்கியவர்கள் 2014 இறுதியில்தான் அதை அறிந்தார்கள். அவ்விடத்தில் சீனக் கோயில் வரும், அதில் அஸ்திமாடமும் இருக்கலாம் என்ற குறிப்பு அவர்கள் கையில் இருந்த விற்பனைக் கையேட்டிலேயே சிறிய எழுத்தில் இருந்தது. ஆனாலும் அவர்கள் எழுப்பிய கேள்வி, அஸ்திமாடம் வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை. கோயிலுக்கென ஒதுக்கிய நிலத்தை லாப நோக்குள்ள நிறுவனம் எப்படிப் பெறலாம் என்று கேட்டார்கள். அது கொள்கை பற்றிய கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் தவிர்க்க முடியாது. 2015 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கமளித்தார், வாணிப அஸ்திமாடத் திட்டம் கைவிடப்பட்டது.

---

சாவிக்குக் காத்திருப்பவள் பதில்:

மற்றொரு பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். நானும் என் கணவரும் தேவைக்கேற்பக் கட்டப்படும் புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பித்து, குலுக்கலில் எண் கிடைக்காமல் மீண்டும் மீண்டும் முயன்று, இப்போதுதான் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மாமியார் வீட்டின் ஓர் அறையில் குழந்தையுடன் காலம் தள்ளுகிறோம். 2021 முதல் 2025 வரை ஏறத்தாழ 100,000 வீடுகளை அரசாங்கம் விற்பனைக்கு வெளியிட்டது, அப்படியும் முதிர்ந்த பேட்டைகளில் போட்டி குறையவில்லை. எங்கள் வீடு எழும்பப்போகும் நிலமும் யாரோ ஒருவரின் சன்னலுக்கு எதிரே இருந்த புல்வெளிதான்.

நீங்கள் இப்போது குடியிருக்கும் வட்டாரமும் ஒரு காலத்தில் ரப்பர், அன்னாசித் தோட்டங்களாகவும் கம்பங் கிராமங்களாகவும் இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் எத்தனையோ பேரின் குடியிருப்புகள் இருந்த இடங்களில் இன்று வேறு கட்டடங்கள் நிற்கின்றன.

2011, 2012ஆம் ஆண்டுகளில் தோ யீ டிரைவில் முதியோருக்கான ஸ்டூடியோ வீடுகள் வரவிருந்தபோது அங்கு வசித்தவர்களில் பலர் எதிர்த்தார்கள். விளையாட்டு இடம் போய்விடும் என்றார்கள், சரிவான நிலம் முதியோருக்கு ஏற்றதன்று என்றார்கள். உட்லண்ட்ஸில் கீழ்த்தளத்தில் முதியோர் பராமரிப்பு நிலையம் வருவதையும், பீஷானில் தாதிமை இல்லம் வருவதையும் அதே காலத்தில் எதிர்த்தார்கள். தோ யீயில் திட்டம் நிறைவேறியது, வீடுகளும் கட்டப்பட்டன. சொல்லப்பட்ட காரணங்களில் சில நியாயமானவை என்றே வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து செய்தித்தாளில் படித்தவர்கள் மனத்தில் அவை எதுவும் தங்கவில்லை. எங்கள் வாசலில் வயதானவர்கள் வேண்டாம் என்று சொன்னதாகத்தான் பதிந்தது.

திடலோரம் அவர்களே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. ஆனால் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது, உங்கள் அண்டை வீட்டார் எந்தக் காரணத்துக்காகக் கையெழுத்திடுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு விலை விழுந்துவிடும் என்பதும், கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதும், மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் ஒரே தாளில் ஒரே கையெழுத்தாகிவிட்டால், படிப்பவர் அவற்றுள் மிக மலிவான காரணத்தையே எல்லாருக்கும் பொதுவானதாக எடுத்துக்கொள்வார்.

---

திடலோரம் மீண்டும்:

மூவருக்கும் மிக்க நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன். திடல் வசிப்பிடம் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணுக்குப் பதிலாக, விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டது என்ற குறிப்பு இருக்கிறது. எனவே அங்கே வீடுகள் வரும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேச வேண்டும் என்று புரிந்துகொண்டேன். சகோதரி சொன்னதையும் மனத்தில் வைத்திருக்கிறேன். உண்மையில் எங்கள் புளோக்கிலேயே கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே வீடு கிடைக்குமே என்று மகிழ்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் எதைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு, எதைக் கேட்பது வீண்? யாரிடம், எப்போது, எப்படி எழுத வேண்டும்? இன்னொன்று: புளோக்கைப் புதுப்பிக்கும்போது வாக்கெடுப்பு நடத்துகிறார்களே, அப்படி ஒன்று இதற்குக் கிடையாதா?

---

பழைய வசிப்போர் குழு பதில்:

பல ஆண்டுகள் எங்கள் வட்டார வசிப்போர் குழுவில் தொண்டாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். வாக்கெடுப்பு பற்றிய கேள்வி எளியது. நாம் குடியிருக்கும் கட்டடத்தைத் தொடும் திட்டங்களில் நமக்கு வாக்கு உண்டு. பக்கத்து நிலத்தில் கிடையாது. இல்ல மேம்பாட்டுத் திட்டத்துக்குத் தகுதியுள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள் குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும். அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்துக்கும் அதே 75 விழுக்காடு. தனியார் அடுக்குமாடிகளை ஒட்டுமொத்தமாக விற்க, கட்டடம் பத்தாண்டுகளைக் கடந்திருந்தால் 80 விழுக்காடும், கடக்காவிட்டால் 90 விழுக்காடும் தேவை. 2018ஆம் ஆண்டு தேசிய தினக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்ட, குத்தகை முடியும் முன்பே பழைய வீவக வீடுகளை அரசாங்கம் எடுத்து மறுமேம்பாடு செய்யும் வெர்ஸ் திட்டத்திலும், சுமார் 70 ஆண்டு பழமையான வட்டாரங்களில் குடியிருப்பாளர்கள் வாக்களித்தே முடிவு செய்வார்கள்.

வாக்கு இல்லாத இடத்தில் நிபந்தனைகளைப் பற்றிப் பேசலாம் என்பதற்கு அங் மோ கியோ நல்ல பாடம். 2022 ஏப்ரலில் அவென்யூ 3இல் 562 முதல் 565 வரையிலான புளோக்குகள், பழைய புளோக்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு மாற்று வீடு தரும் செர்ஸ் திட்டத்துக்குத் தேர்வாயின. அதில் வாக்கெடுப்பே இல்லை. ஆனால் புதிய 99 ஆண்டுக் குத்தகை வீட்டுக்கு மாறினால் கையிலிருந்து கூடுதல் பணம் போட வேண்டியிருக்கும் என்று முதியவர்கள் பலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில், மாற்று வீட்டை 50 ஆண்டுக் குத்தகையில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பையும் வீவக சேர்த்தது. இடம் மாறுவது நிற்கவில்லை. மாறுவதற்கான செலவு பலருக்குக் குறைந்தது.

உங்கள் திடலுக்கு வருவோம். புளோக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி கேட்பது பொதுவாகப் பலிக்காது. காட்சி மறைகிறது, வீட்டு விலை குறையும் என்பவற்றையும் ஒருவரும் பொருட்படுத்த மாட்டார். கட்டடம் மனையில் எப்படி அமர்கிறது என்பதைப் பேசலாம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தை உங்கள் புளோக்கின் படுக்கையறைகளுக்கு எதிரே வைக்காமல் சாலைப் பக்கம் வைக்க முடியுமா, இரண்டு உயர்ந்த புளோக்குகளுக்கு நடுவே காற்று வர இடைவெளி விடலாமா, தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கும் ஓரத்தைப் பொது நடைபாதையாக வைத்துக்கொள்ளலாமா, போகும் பந்துத்திடலுக்கு ஈடாக எல்லாரும் பயன்படுத்தும் விளையாட்டுத் தளம் கிடைக்குமா, பேருந்து நிறுத்தத்துக்குக் கூரையுள்ள நடைபாதையைப் பழைய புளோக்குகள் வரை நீட்ட முடியுமா, புதிய புளோக்கின் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளியோ முதியோர் நடவடிக்கை நிலையமோ வந்தால் பழையவர்களுக்கும் பயன்படுமா என்பன போன்ற கேள்விகளுக்கு, வரைபடம் முடிவாகும் முன் கேட்டால், காது கொடுக்கும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபேரர் பார்க் திடலில் வீடுகள் திட்டமிடப்பட்டபோதும், அங்கு விளையாடி வளர்ந்தவர்களின் கவலைகளுக்குப் பிறகு, பழைய குத்துச்சண்டைக் கூடத்தை வைத்துக்கொள்ளவும் நடுவில் விளையாட்டுக்கான திறந்தவெளி விடவும் திட்டத்தில் இடம் ஒதுக்கினார்கள்.

மரங்களைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு. காலி நிலத்தில் உள்ள, அடிமரச் சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட மரங்களை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் தேவை. தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மரத்தையும் அளந்து, படம் எடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். பசுமையைக் காப்பாற்றுங்கள் என்ற பத்து வரி வேண்டுகோளைவிட அந்த ஒரு தாள் வலுவானது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். போக்குவரத்து நெரிசல் கூடும் என்று பொதுவாக எழுதினால் எவரும் பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'எங்கள் நான்கு புளோக்குகளின் கார் நிறுத்துமிடத்துக்கும் வெளியேறும் வழி ஒன்றே. பள்ளி நாள்களில் காலை ஏழு மணிக்கு மேல், தொடக்கப்பள்ளிக்கு வரும் கார்கள் அவ்வழியில் நிற்பதால் குப்பை லாரி உள்ளே நுழைய முடிவதில்லை. அன்றாட நிலையைக் காட்டும் படங்களை இணைத்துள்ளோம். புதிய வீடுகளுக்கான வாகன நுழைவாயிலையும், கட்டுமான லாரிகள் செல்லும் வழியையும் வடக்குப் பக்கச் சாலையில் அமைக்க இயலுமா என்று அறிய விரும்புகிறோம்.' இதற்கு இயலும் அல்லது இயலாது என்று காரணத்தோடு பதில் சொல்லத்தான் வேண்டும். வீட்டு அமைப்புக்கு வீவக, சாலைக்கு நிலப் போக்குவரத்து ஆணையம், மரத்துக்குப் பூங்காக் கழகம் என்று பிரித்து அனுப்பி, ஒவ்வொன்றின் நகலையும் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கொடுங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குத் தனியாகப் போகாமல், வெவ்வேறு மாடிகளிலிருந்தும் இனங்களிலிருந்தும் நாலைந்து பேராகப் போங்கள். அங்கே முதலில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர் தொண்டூழியர். அவரிடம் வாய்மொழியாகச் சொன்னால் உங்கள் நெடுங்கதை இரண்டு வரிக் கடிதமாகச் சுருங்கிவிடும். எழுதிக் கொண்டுபோன தாளை அப்படியே இணைக்கச் சொல்லுங்கள். திட்டத்தை விளக்கக் குடியிருப்பாளர் சந்திப்பு ஒன்றை ஏற்பாடு செய்யும்படி கேட்பதுதான் அங்கே நீங்கள் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை. என் அனுபவத்தில் அது மறுக்கப்படுவது அரிது.

இணையத்தில் தொடங்கும் கையெழுத்து மனு கவனத்தை ஈர்க்கலாம், ஆனால் அது நாடாளுமன்ற மனு அன்று. நாடாளுமன்ற மனுவை ஓர் உறுப்பினர்தான் தாக்கல் செய்ய முடியும். அது பொது மனுக்கள் குழுவுக்குப் போகும். ஒரு திடலுக்காக அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். திடலில் பதாகை பிடித்து நிற்பதைப் பற்றி எவரேனும் பேசினால் உடனே தடுத்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, பொது இடத்தில் ஒரு நோக்கத்துக்காக ஒரே ஒருவர் நின்றாலும் காவல்துறை அனுமதி வேண்டும். கீழ்த்தளத்தில் கூட்டம் போடுவதற்கு நகர மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

மூன்றாம் மாடி வாடகைதாரர் கேட்கிறார்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் நிரந்தரவாசி, வாடகை வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்கு எதிரேயும் இதே கதைதான். நான் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?

---

வரைபடப் பிரியன் பதில்:

தாராளமாக எழுதலாம். வாக்கெடுப்புகளில்தான் குடியுரிமை பார்ப்பார்கள். பெருந்திட்டத்துக்கோ வெளியிடப்பட்ட சுற்றுச்சூழல் ஆய்வுக்கோ கருத்துக் கூற எவருக்கும் தடையில்லை. வீட்டு உரிமையாளர் போல எழுத முயலாமல், அங்கு வாடகைக்குக் குடியிருப்பவர் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் என்பன போன்ற விவரங்கள் கட்டுமான ஒலியைப் பற்றிய கடிதத்துக்கு வலுச் சேர்க்கும். குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளங்களுக்கு ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு.

திடலோரம் அவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டது என்ற குறிப்பு உங்களுக்குச் சாதகமானது. அடர்த்தியும் அமைப்பும் இன்னும் வரைபடத்தில் பதியப்படவில்லை என்பதே அதன் பொருள். மண் ஆய்வின் முடிவுகளைக் கொண்டுதான் அடித்தளத்தையும் புளோக்குகளின் இடத்தையும் வகுப்பார்கள். அடுத்த விற்பனை வெளியீடுகளின் பட்டியலில் உங்கள் வட்டாரத்தின் பெயர் வந்த பிறகு எழுதினால், கட்டுமான ஒலி, லாரி வழி ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் பேச இயலாது. ஆகவே மரங்களை அளக்கும் வேலையையும் காலை நேரப் படங்களையும் இந்த மாதத்துக்குள் முடித்து அனுப்பப் பாருங்கள்.

---

திடலோரம் மீண்டும்:

அப்படியே செய்கிறேன். எங்கள் மாடியில் இருக்கும் மலாய் ஆசிரியை ஒருவர் மரங்களின் பட்டியலைத் தயாரிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், காலை நேர நெரிசலைப் படம் எடுக்கும் பொறுப்பு என் மகனுக்கு. கடிதத்தின் வரைவை இங்கே பதிவேற்றுகிறேன். வீட்டு விலையைப் பற்றி யாரேனும் ஒரு வரி நுழைத்திருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். விளையாட்டுத் தளத்துக்கான கோரிக்கையில், புதிதாகக் குடிவருபவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் வகையில் அதை இரு பேட்டைகளுக்கும் நடுவில் அமைக்கும்படி கேட்கலாம் என்று என் அண்டை வீட்டார் சொல்கிறார்கள். சாவிக்குக் காத்திருக்கும் சகோதரி அந்தப் பத்தியை மட்டும் படித்துப் பார்த்துத் தம் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.